யூனிடேரியன் ஞாயிறு வழிபாடு: மலையகத்து வீட்டில் இருந்து இணையத்தில் சேர்வோருக்கு ஒரு மதிப்பீடு

மாமியார் மாரியம்மனுக்கு விளக்கு வைப்பார். மருமகள் மாதா கோயிலுக்குப் போவார். மகன் எதையும் நம்பமாட்டேன் என்பான். அடுத்த வீட்டுச் சிங்களக் குடும்பம் போயாவுக்குப் பன்சலைக்குப் போகும். இத்தனை பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வழிபட முடியுமா? முடியும் என்று சொல்லி, அதற்கென்றே ஒரு ஒழுங்கை வைத்து நடத்துகிறவை யூனிடேரியன் சபைகள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பல சபைகள் தங்கள் ஞாயிறு வழிபாட்டை ஸூமிலும் யூடியூப்பிலும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு அதில் சேர்ந்தால் என்ன கிடைக்கும், எது நமக்கு ஒத்துவராது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வழிபாட்டு ஒழுங்குக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். பிரசங்கத்துக்குப் பாதி, பாட்டுக்குக் கால். திரையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் நாலு வாரத்தில் அலுத்துவிடும். அந்த ஒழுங்கை வாங்கிக்கொண்டு ஐந்தாறு பேர் நம் வீட்டு முன்னறையில் தமிழில் நடத்தினால் நிலைக்கும்.

யூனிடேரியன் என்ற பெயர், கடவுள் மூவராக அல்ல, ஒருவராகவே இருக்கிறார் என்று சொன்ன கிறிஸ்தவர்களுக்கு வந்தது. இன்று ருமேனியாவில் உள்ள டிரான்சில்வேனியாவில் 1568இல் டோர்டா நகரில் கூடிய சபை, போதகர்கள் தாங்கள் புரிந்துகொண்டபடி பிரசங்கிக்கலாம் என்று ஆணை பிறப்பித்தது. அதற்குப் பின்னால் நின்ற போதகர் ஃபெரென்ஸ் டேவிட் 1579இல் சிறையில் இறந்தார். அமெரிக்காவில் யூனிடேரியன்களும், கடவுள் யாரையும் நிரந்தர நரகத்துக்கு அனுப்பமாட்டார் என்று நம்பிய யூனிவர்சலிஸ்டுகளும் 1961இல் ஒன்றாக இணைந்தார்கள். இன்று அங்கே விசுவாசப் பிரமாணம் கிடையாது. இந்துவாகவோ பௌத்தராகவோ கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவோ இருந்துகொண்டே உறுப்பினராகலாம். எதை நம்புகிறோம் என்பதை அவர்கள் கேட்பதில்லை. ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்ளப்போகிறோம் என்ற உடன்படிக்கையைத்தான் சேர்ந்து வாசிக்கிறார்கள். 2024இல் இப்படி இணைந்த அமெரிக்கச் சங்கம் தன் அடிப்படை விதியைத் திருத்தியபோது அன்பை நடுவில் வைத்தது.

இதை வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்கத் தேவையில்லை. சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இலேயே ஒரு யூனிடேரியன் சபையைத் தொடங்கிவிட்டார். மேகாலயா மலைகளில் ஹாஜோம் கிஸ்ஸோர் சிங் 1887 செப்டெம்பர் 18ஆம் திகதி ஜோவாய் ஊரில் முதல் வழிபாட்டை நடத்தினார். அங்கே அந்த மலை மக்களின் காசி மொழியில் பாட்டு எழுதி, காசி மொழியில் வழிபட்டு, மலைக்கிராமங்களில் அது இன்றுவரை நடக்கிறது. மலையில் இருக்கும் நமக்கு அதுதான் நல்ல முன்மாதிரி.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். பலர் முதல் மாதமே தவறுவது இதில்தான். லண்டனில் காலை 11 மணிக்குத் தொடங்கும் வழிபாடு குளிர்காலத்தில் நமக்குப் பின்னேரம் 4.30, கோடையில் 3.30. பாஸ்டனில் காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் இரவு 8.30, கோடையில் 7.30. கலிஃபோர்னியாவின் காலை 10 மணி நமக்கு இரவு 10.30க்கோ 11.30க்கோ வரும். திங்கட்கிழமை விடிய எழுந்து பிரட்டுக்குப் போகிறவர்களுக்கு அது ஆகாது. அங்கே கடிகாரத்தை மாற்றும் நாட்களும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுவார்கள். இந்த நாலு ஞாயிறையும் கலண்டரில் குறித்து வைக்காவிட்டால் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ போய் நிற்பீர்கள். தோட்ட வீடுகளுக்குப் பிரிட்டிஷ் சபைகளின் நேரமே பொருத்தம். டவுனுக்குப் போய் மரக்கறி வாங்கி வந்து, சமைத்துச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.

ஒரு சிக்கல் உண்டு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மழை கொட்டுவது சரியாக அந்த நேரத்தில்தான். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் ஃபோனில் எவ்வளவு சத்தம் வைத்தாலும் கேட்காது. மின்னல் நேரத்தில் சார்ஜரில் செருகியபடி ஃபோனை வைத்திருப்பதும் நல்லதல்ல. அந்த மாதங்களில் நேரலையை நம்பாமல், முந்தைய வாரத்துப் பதிவைச் சிக்னல் உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவாக 360 தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி போகும். ஒலி மட்டும் என்றால் 60 எம்பிக்குள் முடிந்துவிடும். ஆறு பேர் ஒரு ஃபோனைச் சுற்றி உட்காருவதை விட, ஒலியைச் சிறிய ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் விளக்கைப் பார்த்து உட்காருவது மேல்.

ஒழுங்கு பெரும்பாலும் எல்லாச் சபையிலும் ஒன்றுதான். மணி ஒலி, வரவேற்பு, கிண்ண விளக்கு ஏற்றுதல், தொடக்க வாசகம், பாட்டு, சிறுவர்களுக்கு ஒரு கதை, மகிழ்ச்சியும் துக்கமும் பகிர்தல், மௌனம், காணிக்கை, வாசகம், பிரசங்கம், பாட்டு, நிறைவு வாசகம், விளக்கை அணைத்தல். மொத்தம் ஒரு மணி நேரம். இதன் பலம் நடுவில் இருக்கிறது. பகிர்தலும் மௌனமும் சேர்ந்த அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இதில் சேரலாம்.

கிண்ண விளக்கு இவர்களுடைய அடையாளம். 1941இல் லிஸ்பனில் நாஜிகளிடம் இருந்து அகதிகளைத் தப்பவைத்துக்கொண்டிருந்த யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் வரைந்த சின்னம் அது. அவரும் ஓர் அகதிதான். இதற்கென்று கடையில் விற்கும் கிண்ணத்தை வெளிநாட்டில் இருந்து வரவழைக்காதீர்கள், காசு வீண். மண் சட்டி ஒன்றில் முக்கால் பங்கு ஈர மணல் நிரப்பி, நடுவில் தடித்த மெழுகுவர்த்தி ஒன்றை நட்டால் போதும். அகல் விளக்குத்தான் வேண்டும் என்றால் எண்ணெயில் கவனம் தேவை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் வீட்டுக்குள்ளேயே அது வெண்ணெய் போலத்தான் கிடக்கும், திரி எண்ணெயை இழுக்காது, இரண்டு நிமிடத்தில் கருகி அணையும். நல்லெண்ணெய் ஊற்றுங்கள். விளக்கைச் சாமித் தட்டுக்குப் பக்கத்திலோ மாதா படத்துக்குக் கீழேயோ வைக்கவேண்டாம். ஒரு வீட்டுச் சாமிக்கு ஏற்றியதாக ஆகிவிட்டால் மற்றவர்களுக்கு அந்த விளக்கில் பங்கு இல்லாமல் போகும். நடு அறையில் ஒரு முக்காலி போதும்.

இனி அந்த நடுப்பகுதி. நடத்துகிறவர் அழைப்பார். மனதில் மகிழ்ச்சியோ பாரமோ உள்ளவர் எழுந்து வந்து, பெயர் சொல்லி, ஒன்றிரண்டு வாக்கியத்தில் அதைச் சொல்லி, ஒரு சிறு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போய் உட்காருவார். மகள் சாதாரண தரம் பாஸ் பண்ணிவிட்டாள். கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. யாரும் பதில் சொல்லக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. கடைசியில் சொல்ல முடியாதவற்றுக்காக ஒரு மெழுகுவர்த்தியை நடத்துகிறவரே ஏற்றுவார். ஸூமில் சேர்ந்தால் அரட்டைப் பெட்டியில் எழுதலாம், அங்கே ஒருவர் அதை வாசித்து உங்களுக்காக ஏற்றுவார். எழுதுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பகுதி பதிவாகிறதா, யூடியூப்பில் ஏற்றும்போது வெட்டுவார்களா? பல சபைகள் வெட்டிவிடும். எல்லாச் சபையும் வெட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் நடத்தும்போது இதுவே அதிகம் கெடக்கூடிய இடமும். முதலில் பேச்சு நீளும். நுண்கடன் தவணையில் தொடங்கி, வசூலிக்க வந்தவர் என்ன சொன்னார், அதற்கு அண்ணி என்ன சொன்னார் என்று போய்விடும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள், நீண்டால் மணியை மெதுவாகத் தட்டுங்கள். இரண்டாவது, அடுத்தவர் கதை. சொல்வது தன் செய்தியாக மட்டும் இருக்கவேண்டும். மச்சான் குடிக்கிறார் என்று சொல்லக்கூடாது, எனக்கு ராவெல்லாம் பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். மூன்றாவதுதான் பெரிது. லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இங்கே சொன்னது வெளியே போகாது என்று ஆறு பேர் சத்தியம் செய்தாலும் சுவர் சத்தியம் செய்யாது. லயத்து வீட்டில் நடத்துவதானால், வாயால் சொல்லாமல் ஏற்றுவதையே வழக்கமாக்குங்கள். வருகிறார், மௌனமாக ஏற்றுகிறார், போகிறார். அதில் குறைந்துபோவது ஒன்றும் இல்லை. பேசத்தான் வேண்டும் என்றால் வாசகசாலையோ முன்பள்ளிக் கட்டடமோ கேட்டு வாங்குங்கள்.

மெழுகுவர்த்திகளுக்குத் தட்டில் ஒன்றரை அங்குலம் ஈர மணல், இரண்டுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி வேண்டும். நெருக்கி நட்டால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று வளைந்து சாயும். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். லயத்தில் ஒரு வீடு பற்றினால் வரிசையே போய்விடும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றுக் காலத்திலும் சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டிலும் மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுக் கல் முறைக்கு வாருங்கள். பல சபைகளில் இது ஏற்கெனவே உண்டு. ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல்லை ஆளுக்கு ஒன்றாகத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுவது. கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், கீறும். பித்தளைச் சட்டியில் போட்டால் எழும் ஒலி மௌனத்துக்கு நல்ல தொடக்கம். மௌனம் மூன்று நிமிடத்தில் தொடங்கி மெல்ல ஐந்துக்குக் கொண்டுபோகலாம். முதல் நாளே பத்து நிமிடம் வைத்தால் ஆட்கள் ஃபோனைத் தேடுவார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் இரண்டு சடங்குகள் நம் மலைக்கென்றே செய்தவை போலப் பொருந்துகின்றன. ஒன்று மலர்ப் பகிர்வு. பிராக் நகரில் நார்பர்ட் சாப்பெக் 1923இல் தொடங்கியது. அவருடைய சபைக்கு வந்தவர்களில் பலர் கத்தோலிக்கத்தை விட்டு வந்தவர்கள். நற்கருணையின் அப்பமும் திராட்சை இரசமும் அவர்களுக்குக் கசந்திருந்ததால் அவர் பூவை எடுத்தார். 1942இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். ஆளுக்கு ஒரு பூ கொண்டு வந்து பொதுச் சாடியில் வைக்கவேண்டும். முடிவில் இன்னொருவர் கொண்டுவந்த பூ ஒன்றை எடுத்துப்போக வேண்டும். இரண்டு பூவும் ஒன்றாக இருக்காது, ஒரு பூ இல்லாவிட்டாலும் சாடி அப்படி இருந்திருக்காது, அவ்வளவுதான் பொருள். பத்துப் பேருக்குப் பதின்மூன்று பூ இருக்கட்டும், வெறுங்கையோடு வருகிறவருக்கும் கொடுக்கலாம்.

மேற்கே பெரும்பாலும் ஜூனில் நடத்துவார்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன் என்றால் தென்மேல் பருவமழை, ரோஜாவும் டேலியாவும் நைந்து கிடக்கும். அந்தப் பக்கத்தார் பெப்ரவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் சரிதான். திகதியில் எந்தப் புனிதமும் இல்லை. கடைப் பூ வேண்டாம். காட்டுச் சூரியகாந்தியும், கொழுந்து பறிக்காமல் விட்ட செடியில் பூக்கும் அந்த வெள்ளைத் தேயிலைப் பூவும் போதும். ஆயுள் முழுக்கச் செடியைப் பார்த்த கைகளுக்குத் தேயிலைப் பூ சாடியில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்தால்தான் தெரியும். சிங்கள அயலவர் வந்தால் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். பௌத்த வழக்கில் படைத்த பூவைத் திருப்பி எடுப்பதில்லை. இது படையல் அல்ல, மனிதருக்கு மனிதர் கொடுப்பது என்று சொன்னால் சங்கடம் இராது.

மற்றது நீர்ப் பகிர்வு. 1980இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பெண்கள் கூட்டிய வழிபாட்டில் பிறந்தது. கோடை விடுமுறை முடிந்து திரும்பும் செப்டெம்பரில், போன இடத்து நீரைக் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் ஊற்றி, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சொல்வார்கள். நமக்குச் செப்டெம்பரில் பொருள் இல்லை. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஊர் திரும்பும் கிழமையில் வையுங்கள். பீலித் தண்ணீர், வெள்ளவத்தைக் குழாய்த் தண்ணீர், குவைத்தில் இருந்து வந்த அக்காவின் போத்தல் தண்ணீர், ஹோட்டன் சமவெளி ஓடைத் தண்ணீர் எல்லாம் ஒரே குடத்தில் சேரட்டும். மகாவலியும் களனியும் வளவையும் தலையெடுக்கும் மலையில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் விடுவது நியாயமில்லை. ஆளுக்கு அரைக் கோப்பை போதும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தேயிலை மலையில் போட்ட உரமும் மருந்தும் மழையில் இறங்கி ஓடையில் கலக்கிறது. முடிந்ததும் மரத்தடியில் ஊற்றுங்கள். சில சபைகள் கொஞ்சம் எடுத்துவைத்துக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் சடங்கில் பயன்படுத்தும். அப்படிச் செய்வதானால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகுதான்.

பிரசங்கத்தில் நமக்குப் பாதிதான் தேறும். பதினைந்து முதல் இருபது நிமிட ஆங்கிலம். பொருள் நல்லதாகவே இருக்கும், உவமைகள் பேஸ்போலில் இருந்தும் அமெரிக்கத் தேர்தலில் இருந்தும் வரும். தானியங்கித் தமிழ் எழுத்தை நம்பவேண்டாம், போதகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அது அமைச்சர் என்று போட்டுவிடும். பல சபைகள் பிரசங்கத்தை எழுத்திலும் வெளியிடுகின்றன. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் முந்திய நாளே வாசித்து, ஐந்து நிமிடத் தமிழ்ச் சுருக்கம் தயாரிக்கட்டும். பிறகு பத்து நிமிடம் பேசுங்கள். பாட்டு இணையத்தில் சேர்ந்து பாட முடியாத ஒன்று. ஒலி பிந்தி வருவதால் எல்லோருடைய மைக்கையும் அடைத்துவிடுவார்கள், நீங்கள் தனியாக அறியாத மெட்டை முணுமுணுப்பீர்கள். அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பஜனை முறையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுங்கள். தேவாரமும் பைபிள் சங்கீதமும் அடுத்தடுத்து வந்தால் ஒன்றும் ஆகாது.

காணிக்கை கட்டாயமில்லை. பார்வையாளர் தட்டைத் தொடாமல் அனுப்பலாம், அங்கே அது மரியாதைக் குறைவல்ல. வீட்டில் காசு சேர்ப்பதானால் எதற்கு என்று முதலில் சொல்லி, இரண்டு பேர் எல்லோர் முன்னாலும் எண்ணி, கொப்பியில் எழுதவேண்டும். சீட்டுக் காசையும் மரண உதவிச் சங்கக் காசையும் இதோடு கலக்கவே கூடாது.

வழிபாட்டுக்குப் பிறகு அவர்கள் கோப்பி குடித்துக்கொண்டு பேசுவார்கள். ஸூமில் நாலைந்து பேராகச் சிறு அறைகளில் பிரித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர் முதல் முறையே ஓடிவிடுவது இங்கேதான். கேட்டுக்கொண்டிருக்க வந்தேன் என்று ஒரு வரி எழுதினால் யாரும் வற்புறுத்துவதில்லை. நம் வீட்டில் இது சாயத்தண்ணி நேரம், அரை மணி நேரமாவது வேண்டும். அடுத்த வாரம் யார் நடத்துவது என்று முடிவாவதும் அப்போதுதான். நடத்துகிறவர் வாராவாரம் மாறட்டும், பெண்களும் பிள்ளைகளும் முறையில் வரட்டும். யூனிடேரியன் சபைகளில் போதகரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள், வரவுசெலவும் வாக்குக்கு வருகிறது. கோயில் கமிட்டி என்றால் தலைவர் சொல்வதுதான் என்று பழகிய ஊரில், பதினாறு வயதுப் பிள்ளை வாசகம் தெரிவு செய்து முன்னால் நின்று வாசிப்பதை மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக மதிக்கிறோம்.

அயலவர் சந்தேகத்தைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். ஞாயிறு பின்னேரம் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஆட்கள் கூடினால் ஆள் பிடிக்கும் கூட்டம் என்று பேச்சு வரும். கதவைத் திறந்து வையுங்கள். ஜெபக்கூட்டம் என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். திருவிழாக் காலத்திலும் காமன் கூத்து நடக்கும் நாட்களிலும் அந்த வாரத்தை விட்டுக்கொடுங்கள், கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். இதில் சேர்ந்தால் எதையும் விடவேண்டியதில்லை என்பது அப்போதுதான் அயலவர் கண்ணுக்குத் தெரியும். நேர்த்திக்கடனும் அருள்வாக்கும் தீர்க்கமான பதிலும் தேடுகிறவருக்கு இந்த வழிபாடு வெறுமையாகத் தெரியும். அவரை இழுத்து உட்காரவைப்பது சரியல்ல.

தனியாக இருப்பவருக்கு ஒரு வழி உண்டு. சர்ச் ஆஃப் த லார்ஜர் ஃபெலோஷிப் என்ற அமெரிக்கச் சபை, பக்கத்தில் சபை இல்லாதவர்களுக்காகவே 1944இல் அஞ்சல் வழியாகத் தொடங்கியது, இப்போது இணையத்தில் நடக்கிறது. இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை அது போதும்.

கரண்ட் போகும் பின்னேரங்களில் திரை இல்லாமலே நடத்துங்கள். விளக்கு, கல், மௌனம், ஒரு பாட்டு, சாயத்தண்ணி. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். விட்டுப்போன பிரசங்கத்தை அடுத்த வாரம் வாசித்துக்கொள்ளலாம்.